வெள்ளிமலையில் ஓடுமா? – டிசைன் பேட்டர்ன்களும் மென்பொருளின் வேகமும்

(கள்ளக்குறிச்சியில் கணினி அறிவியல் மாணவர்கள், ஆசிரியர்கள் முன்னிலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் தலைப்பு கொஞ்சம் நீளமாக இருக்கிறது. டிசைன் பேட்டர்ன்களை வைத்து எழுதிய மென்பொருளை வேகமாக ஓட வைப்பது எப்படி என்பதுதான் அதன் சாரம். இதைச் சென்னை ஓ.எம்.ஆர். சாலையில் பேசுவதற்கும் கள்ளக்குறிச்சியில் பேசுவதற்கும் வித்தியாசம் உண்டு. அங்கே ஒரு செயலி மெதுவாக ஓடினால் ஆள் வேறு செயலிக்குப் போய்விடுவார். கல்வராயன் மலையில் மெதுவாக ஓடினால் ஒருவருடைய அன்றைய கூலிக் கணக்கே தடுமாறும்.

மிகைப்படுத்திச் சொல்லவில்லை. நூறு நாள் வேலைத் திட்டத்தில் வருகைப் பதிவுக்காக என்.எம்.எம்.எஸ். என்ற செல்போன் செயலி வந்தது உங்களுக்குத் தெரியும். உங்கள் வீட்டிலேயே யாராவது அதற்காக வரிசையில் நின்று படத்துக்கு முகம் காட்டியிருப்பார்கள். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் 2022 மே 16 முதல் அது கட்டாயமானது. 2023 ஜனவரி 1 முதல் எல்லா வேலை இடங்களுக்கும் கட்டாயமானது. ஒரு நாளைக்கு இரண்டு முறை, இடமும் நேரமும் பதிவாகும்படி படம் எடுத்து ஏற்ற வேண்டியிருந்தது. சிக்னல் எட்டிப் பார்க்காத ஊர்களில் அது என்ன பாடு படுத்தியது என்பதை நாடு முழுவதும் தொழிலாளர்கள் சொன்னார்கள். பிறகு செயலியை மாற்றினார்கள். காலைப் பதிவை நெட் இல்லாமலே போனில் எடுத்து வைத்துக்கொண்டு, சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு வந்ததும் ஏற்றலாம் என்று ஆனது.

அந்த மாற்றத்தைக் கவனியுங்கள். டெல்லியில் இன்னும் பத்து சர்வர் வாங்கி வைத்திருந்தால் அந்தச் சிக்கல் தீர்ந்திருக்குமா? தீர்ந்திருக்காது. வேலை எப்போது நடக்க வேண்டும், எங்கே காத்திருக்க வேண்டும் என்ற டிசைன்தான் மாற வேண்டியிருந்தது. இன்றைக்கு நான் சொல்ல வந்ததும் இதுதான். டிசைன் பேட்டர்ன் என்பது செலவை மறைக்கும் ஏற்பாடு. மறைப்பதற்காகவே அதை வைத்திருக்கிறோம். வேகம் கூட்டுவது என்றால், அந்தத் திரைக்குப் பின்னால் எந்தச் செலவு ஒளிந்திருக்கிறது என்று அளந்து பார்த்து, திரையைக் கிழிக்காமல் பின்னாலேயே சரிசெய்வது.

பேட்டர்ன் பாடத்தின் வரலாறு உங்கள் சிலபஸில் இருக்கிறது, வேகமாகக் கடக்கிறேன். கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் அலெக்சாண்டரும் சக ஆசிரியர்களும் 1977இல் வீடு, தெரு, ஊர் கட்டுவதற்கான 253 பேட்டர்ன்களைத் தொகுத்தார்கள். 1987இல் கென்ட் பெக்கும் வார்டு கன்னிங்ஹாமும் அந்த யோசனையை மென்பொருளுக்குக் கொண்டுவந்தார்கள். 1994இல் எரிக் காமா, ரிச்சர்ட் ஹெல்ம், ரால்ஃப் ஜான்சன், ஜான் விலிசைட்ஸ் ஆகிய நால்வரின் புத்தகம் வந்தது. அதில் 23 பேட்டர்ன்கள். தேர்வுக்காக எல்லோரும் படம் வரைந்து பழகுகிறோம். கட்டம், அம்பு, கட்டம். ஆனால் அந்தப் புத்தகத்தில் ஒவ்வொரு பேட்டர்னுக்கும் 'விளைவுகள்' என்று ஒரு பகுதி உண்டு. இதைப் பயன்படுத்தினால் என்ன கிடைக்கும், என்ன இழப்பீர்கள் என்று அதில் எழுதியிருக்கிறார்கள். நெகிழ்வுக்காக இடையில் ஒரு அடுக்கைச் சேர்க்கிறோம், அது டிசைனைச் சிக்கலாக்கலாம், வேகத்தையும் தின்னலாம், ஆகவே கண்டபடி பயன்படுத்தாதீர்கள் என்று முதல் அத்தியாயத்திலேயே எச்சரிக்கிறார்கள். நம் நோட்ஸ்களில் காணாமல் போவது அந்த 'விளைவுகள்' பகுதிதான். தேர்வில் கேட்பதில்லை, அதனால் படிப்பதில்லை.

ஒரு கற்பனை மென்பொருளை எடுத்துக்கொள்வோம். நம் ஊருக்குப் பழக்கமான தொழிலாக இருக்கட்டும். மரவள்ளிக் கிழங்கு கொள்முதல். மலையில் வெள்ளிமலை, கரியாலூர்ப் பக்கம் ஒருவர் கையில் போன். எந்த விவசாயி, எத்தனை மூட்டை, முன்பணம் எவ்வளவு என்று அவர் பதிகிறார். கீழே சின்னசேலம் பக்கம் ஒரு சேகோ ஆலை. லாரி எடைமேடையில் ஏறுகிறது, டன் கணக்கு வருகிறது, கிழங்கின் மாவுச்சத்தைப் 'பாயிண்ட்' பார்த்து விலை போடுகிறார்கள். இதற்கு ஒரு செயலி எழுதச் சொன்னால் நம் மாணவர் என்ன செய்வார்? பாயிண்டைப் பொறுத்து விலை போட ஸ்ட்ராட்டஜி. எடை மாறும்போது திரையும் கணக்கும் மாற ஆப்சர்வர். டேட்டாபேஸுக்கு சிங்கிள்டன். சர்வரில் உள்ள விவசாயி விவரத்துக்கு ப்ராக்ஸி. எல்லாம் சரியான தேர்வுதான். குறை சொல்ல மாட்டேன்.

கல்லூரி லேபில் ஓட்டிப் பார்த்தால் பறக்கும். மலைக்குக் கொண்டுபோனால், 'சார், சுத்திக்கிட்டே இருக்கு' என்று போன் வரும்.

அந்த நேரத்தில் நம்மில் பெரும்பாலோருக்கு முதலில் சந்தேகம் எழுவது தவறான இடத்தில். இண்டர்ஃபேஸ் வழியாக மறைமுகமாக அழைக்கிறோமே, அதுதான் மெதுவாக்குகிறது என்று சொல்லி, ஸ்ட்ராட்டஜியை எடுத்துவிட்டு நூறு வரிக்கு ஒரு ஸ்விட்ச் எழுதுவார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மறைமுக அழைப்புக்கு இரண்டு நானோசெகண்டு என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். மலையிலிருந்து சர்வரிடம் ஒரு கேள்வி போய்ப் பதில் வர 600 மில்லிசெகண்டு ஆகிறது என்று வையுங்கள். அந்த ஒரே ஒரு காத்திருப்பு நேரத்துக்குள் 30 கோடி மறைமுக அழைப்புகளைச் செய்து முடித்துவிடலாம். போதாக்குறைக்கு, ஜாவாவின் ஹாட்ஸ்பாட் போன்ற இயக்கச் சூழல்கள், ஓர் இடத்துக்கு எப்போதும் ஒரே வகை ஆப்ஜெக்ட்தான் வருகிறது என்று கண்டுகொண்டால் அந்த அழைப்பையே எடுத்துவிட்டு, உள்ளே இருக்கும் நிரலை நேராக அங்கேயே பதித்துவிடும்.

இதற்கு எதிர்க்கட்சியும் உண்டு. 2023இல் கேசி முராடோரி என்ற கேம் நிரலாளர், 'சுத்தமான நிரல்' விதிகளின்படி எழுதினால் வேகம் எப்படி அடிபடுகிறது என்று அளந்து காட்டிப் பெரிய விவாதத்தைக் கிளப்பினார். அவர் எடுத்த உதாரணத்தில் அவர் சொன்னது சரிதான். லட்சக்கணக்கான சின்னச் சின்ன ஆப்ஜெக்ட்டுகளை ஓர் இறுக்கமான லூப்பில் ஓட்டினால், அவை நினைவகத்தில் சிதறிக் கிடந்தால், பிராசஸர் ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கணக்கான சுழற்சிகள் காத்துக்கிடக்கும். படங்களைப் பதப்படுத்துபவர்களும் கேம் எழுதுபவர்களும் அவர் பேச்சைக் கேட்கத்தான் வேண்டும். நம் கிழங்குக் கணக்கில் ஒரு நாளைக்கு எத்தனை லாரி வரும்? அதற்கு எத்தனை முறை விலை போடுவோம்? அங்கே ஸ்ட்ராட்டஜியை ஒழித்து மிச்சமாகும் நேரத்தை யாராலும் உணரக்கூட முடியாது. அடுத்த வருஷம் விலை முறை மாறும்போது அந்த நூறு வரி ஸ்விட்சோடு மல்லுக்கட்டப்போவது மட்டும் நிச்சயம்.

உண்மையான குற்றவாளி ப்ராக்ஸிக்குள் இருக்கிறது. திரையில் 40 விவசாயிகளின் பட்டியல். ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே நிலுவைத் தொகை. நிரலில் விவசாயி.நிலுவை() என்று ஒரே வரி. படிக்கும்போது அழகாக இருக்கிறது. அந்த விவசாயி ஆப்ஜெக்ட் உண்மையில் ஒரு ப்ராக்ஸி. நிலுவையைக் கேட்டவுடன்தான் அது சர்வருக்குப் போகும். ஆகவே பட்டியலுக்கு ஒரு கேள்வி, நிலுவைக்கு 40 கேள்வி, மொத்தம் 41. லேபில் சர்வர் பக்கத்து மேசையில் இருக்கிறது. ஒரு கேள்விக்கு ஒரு மில்லிசெகண்டு என்றால் 41 மில்லிசெகண்டு. கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவு, யாரும் கவனிக்க மாட்டார்கள். மலையில் 600 மில்லிசெகண்டால் பெருக்குங்கள். 24.6 விநாடி. நிரலில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. பக்கத்து அறையில் இருப்பவரைக் கூப்பிடுவதும் வெள்ளிமலையில் இருப்பவரைக் கூப்பிடுவதும் நிரலில் ஒரே மாதிரித் தெரிகிறது, சிக்கல் அங்கேதான்.

இது புதிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. மார்ட்டின் ஃபவுலர் 2002இல் எழுதிய நிறுவன மென்பொருள் பேட்டர்ன்கள் பற்றிய புத்தகத்தில், கேட்கும்போது மட்டும் தகவலைக் கொண்டுவரும் 'லேசி லோட்' பேட்டர்னை விளக்கும் இடத்திலேயே, இது அலை அலையாகக் கேள்விகளைக் கிளப்பிவிடும் என்று எச்சரித்திருக்கிறார். அதற்கு முன்பே, 1994இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் ஜிம் வால்டோவும் மூன்று சகாக்களும் ஒரு கட்டுரை எழுதினார்கள். தொலைவில் இருக்கும் ஆப்ஜெக்ட்டை அருகில் இருப்பது போலப் பாவிக்கும் டிசைன்கள் தோற்றுப்போகும், ஏனென்றால் தாமதமும் பாதியில் அறுந்துபோவதும் தொலைவின் இயல்பு என்பது அவர்கள் வாதம். முப்பது வருஷம் ஆகியும் ஒவ்வொரு புதுத் தலைமுறை நிரலாளரும் அதே பள்ளத்தில் விழுந்துதான் எழுந்திருக்கிறார். அந்தக் கட்டுரையைப் பாடத்திட்டத்தில் வைக்க வேண்டும் என்பது என் கட்சி.

சரிசெய்வது எப்படி? ப்ராக்ஸியைத் தூக்கிவிட வேண்டாம். திரை எழுதியவருக்கு விவசாயி.நிலுவை() அப்படியே இருக்கட்டும். பட்டியலைக் கேட்கும்போதே 40 பேரின் நிலுவையையும் ஒரே கேள்வியில் சேர்த்து வாங்கி, ப்ராக்ஸிக்குள் வைத்துவிடுங்கள். 24.6 விநாடி ஒரு விநாடிக்குள் அடங்கிவிடும். மாறியது ஒரே ஒரு வகுப்பு. பேட்டர்ன் இல்லாமல் திரைக்குத் திரை நேரடியாக சர்வரை அழைத்து எழுதியிருந்தால் எத்தனை இடத்தில் கை வைக்க வேண்டியிருக்கும் என்று யோசியுங்கள். செலவை ஒளித்து வைத்த அதே இடம்தான் சரிசெய்யவும் இடம் கொடுக்கிறது. ஆகவே வேகத்துக்கும் பேட்டர்னுக்கும் பகை என்று பேசுவோரிடம் எனக்கு உடன்பாடில்லை.

இது சிக்னல் கொஞ்சமாவது இருந்தால். சுத்தமாக இல்லாவிட்டால்? அங்கே கமாண்ட் பேட்டர்ன் வருகிறது. 'இந்த விவசாயி, இத்தனை மூட்டை, இந்தத் தேதி' என்ற ஒவ்வொரு பதிவையும் ஒரு கமாண்ட் ஆப்ஜெக்டாக்கிப் போனிலேயே ஒரு வரிசையில் சேமியுங்கள். பதிந்தவருக்கு அப்போதே 'பதிவாகிவிட்டது, இன்னும் ஏற்றவில்லை' என்று காட்டுங்கள். கச்சிராயபாளையம் இறங்கி வரும் வழியில் டவர் கிடைத்ததும் வரிசை தானாகக் கிளம்பட்டும். பாடப்புத்தகத்தில் கமாண்டை எழுத்துச் செயலியில் 'அன்டூ' செய்வதற்கு உதாரணமாகச் சொல்கிறார்கள். நம் மாவட்டத்தில் அதன் பெரிய பயன் இதுதான்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. போன் பதிவை அனுப்பிவிட்டது, சர்வர் வாங்கிக்கொண்டது, ஆனால் 'வாங்கிக்கொண்டேன்' என்ற பதில் வருவதற்குள் சிக்னல் போய்விட்டது. போன் என்ன நினைக்கும்? போகவில்லை என்று நினைத்து மறுபடி அனுப்பும். ஒரே லோடு இரண்டு முறை கணக்கில் ஏறும். பணம் இரண்டு முறை போனால் ஆலைக்காரர் சண்டைக்கு வருவார், முன்பணம் இரண்டு முறை கழிக்கப்பட்டால் விவசாயி சண்டைக்கு வருவார், இரண்டு பேருமே உங்களைத்தான் தேடி வருவார்கள். ஆகவே பதிவு பிறக்கும்போதே போனிலேயே அதற்கு ஒரு தனி அடையாள எண் கொடுத்துவிடுங்கள். 128 பிட் யு.யு.ஐ.டி. போதும். அந்த எண் ஏற்கெனவே வந்திருந்தால் சர்வர் பழைய பதிலையே திருப்பிச் சொல்லட்டும். இன்னொன்று, டவர் திரும்பி வந்ததும் எல்லாப் போன்களும் ஒரே நேரத்தில் முட்டினால் சர்வர் திணறும். தோற்றால் ஒரு விநாடி, இரண்டு, நான்கு, எட்டு என்று இடைவெளியைக் கூட்டி, அதிலும் கொஞ்சம் தாறுமாறான எண்ணைக் கலந்து முயற்சி செய்யச் சொல்லுங்கள்.

அடுத்தது நினைவகம். ரசீதைப் படம் எடுத்து வைக்கிறார்கள். 12 மெகாபிக்சல் கேமரா என்றால் 4,000 க்கு 3,000 புள்ளிகள். கோப்பாக அது மூன்று நான்கு எம்.பி.தான் இருக்கும், அதைப் பார்த்து ஏமாந்துபோவோம். திரையில் காட்டுவதற்காக விரிக்கும்போது புள்ளிக்கு நான்கு பைட் என்று 4 கோடியே 80 லட்சம் பைட் பிடிக்கும். பத்து ரசீதுக்கு 48 கோடி. விலை குறைந்த போனில் செயலி அங்கேயே படுத்துவிடும். நால்வர் புத்தகத்தில் ப்ராக்ஸிக்குக் கொடுத்திருக்கும் முதல் உதாரணமே இதுதான்: ஆவணத்தில் உள்ள பெரிய படத்தை, தேவைப்படும்போது மட்டும் எடுத்துவரும் மாற்று ஆள். நாம் ஒரு படி மேலே போகலாம். பட்டியலில் கட்டைவிரல் அளவுதான் காட்டப்போகிறோம். நீளத்திலும் அகலத்திலும் 16இல் ஒரு பங்காகச் சுருக்கி விரித்தால் நினைவகம் 256இல் ஒரு பங்கு, அதாவது ஒரு படத்துக்கு இரண்டு லட்சம் பைட்டுக்குள். தொட்டுப் பெரிதாக்கினால் மட்டும் அசல் படம். திரை எழுதியவருக்கு இந்த விஷயமே தெரிய வேண்டியதில்லை.

இந்த இடத்தில் தமிழ் எழுத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச ஆசை. ஃப்ளைவெயிட் பேட்டர்ன் பிறந்ததே எழுத்துக்காகத்தான். 1990இல் பால் கால்டரும் மார்க் லிண்டனும், ஓர் ஆவணத்தின் ஒவ்வோர் எழுத்தையும் ஆப்ஜெக்டாக வைத்துக்கொண்டும் நினைவகம் தாங்கும்படி செய்வது எப்படி என்று காட்டினார்கள். ஆவணத்தில் லட்சம் எழுத்து இருந்தாலும் 'க' என்ற ஆப்ஜெக்ட் ஒன்றே ஒன்றுதான், எல்லா இடமும் அதையே சுட்டும். எந்த வரி, எந்த இடம் என்பது வெளியே இருக்கும்.

'கள்ளக்குறிச்சி' என்று எழுதிப் பாருங்கள். நாம் எண்ணினால் எட்டு எழுத்து. யூனிகோடில் புள்ளியும் கொக்கியும் விசிறியும் தனித்தனிக் குறிகள் என்பதால் 14 குறிகள். யு.டி.எஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆக 42 பைட். ஜாவாவுக்குள் குறிக்கு இரண்டு பைட், 28. 2017இல் வந்த ஜாவா 9 முதல் ஆங்கில எழுத்துகளுக்கு ஒரு பைட் போதும் என்று சுருக்கினார்கள், அந்தச் சலுகை தமிழுக்குக் கிடையாது. இதைக் கேட்டவுடன் ஒரு மாணவருக்குக் கை துறுதுறுக்கும். பத்தாயிரம் ரசீதிலும் 'கள்ளக்குறிச்சி' தனித்தனியாக உட்கார்ந்திருக்கிறதே, ஃப்ளைவெயிட் போட்டு ஒன்றாக்கிவிடலாமே?

போடலாம். முதலில் கணக்குப் பாருங்கள். ஆப்ஜெக்ட்டின் தலைப்புச் செலவையும் சேர்த்து ஒரு பெயருக்கு ஏறத்தாழ 72 பைட். பத்தாயிரத்துக்கு 7.2 லட்சம் பைட். அதாவது ஒரு எம்.பி.கூட இல்லை. ரசீதுப் படம் ஒன்றே ஒன்று இதைப் போல ஏறத்தாழ 67 மடங்கு. பெயர்களைச் சுருக்கிக்கொண்டு படங்களை விட்டுவிட்டால் என்ன பயன்? புத்தகத்தில் அழகாக இருக்கும் பேட்டர்ன் நம் மென்பொருளில் வீண் வேலையாகவும் ஆகலாம், அளந்தால்தான் தெரியும். அதே ஃப்ளைவெயிட் எழுத்துருவின் வேலையில் பொன்னாகப் பயன்படுகிறது. 'கொ' என்பதைத் திரையில் வரைய, ககரத்துக்கு முன்னால் ஒற்றைக் கொம்பும் பின்னால் காலும் வர வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் கணக்கிட வேண்டியதில்லை. ஒருமுறை கணக்கிட்ட சொல்லின் வடிவத்தைச் சேமித்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் நீளமான தமிழ்ப் பட்டியலும் தடங்கலின்றி நகரும்.

மலையை விட்டு இறங்கி ஆலைக்கு வருவோம். எடைமேடை. லாரி ஏறி நின்றதும் எடைக்கருவி விநாடிக்குப் பத்து முறை எண்ணை அனுப்புகிறது என்று வையுங்கள். அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஆப்சர்வர்கள் நான்கு: திரை, மொத்தக் கணக்கு, ரசீது, டேட்டாபேஸ். லாரி ஒரு நிமிஷம் நின்றால் 600 எண்கள், 2,400 அறிவிப்புகள். ஆலைக்காரருக்கு வேண்டியது அதில் ஒரே ஒரு எண், லாரி ஆடாமல் நின்ற பிறகு வருவது. டேட்டாபேஸ் ஆப்சர்வர் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு டிரான்சாக்ஷன் போட்டால் என்ன ஆகும்? எஸ்.க்யூ.லைட் தன் கேள்வி-பதில் பக்கத்திலேயே வெளிப்படையாகச் சொல்கிறது: சாதாரண மேசைக் கணினியில் விநாடிக்கு 50,000 வரிகளைச் சேர்க்க முடியும், ஆனால் சுழலும் டிஸ்க்கில் டிரான்சாக்ஷன் என்றால் விநாடிக்குச் சில டஜன்தான். ஒவ்வொரு டிரான்சாக்ஷனும் எழுத்து டிஸ்க்கில் உண்மையாகவே பதிந்துவிட்டதா என்று நின்று உறுதிசெய்துகொண்டுதான் நகரும். ஆகவே திரைக்கு வேண்டுமானால் எல்லா எண்ணும் போகட்டும், கணக்குக்கும் டேட்டாபேஸுக்கும் எடை நிலைத்த பிறகு ஒருமுறை சொன்னால் போதும். ஆப்சர்வர் அப்படியே இருக்கிறது. யாருக்கு, எப்போது என்பதை மட்டும் மாற்றினோம்.

ஆப்சர்வரில் இன்னொரு நோய் உண்டு. அது காலையில் தெரியாது. 'மதியம் வரைக்கும் நல்லா ஓடுது சார், சாயங்காலம் ஆனா ஹேங் ஆகுது, ரீஸ்டார்ட் பண்ணா சரியாயிடுது' என்று யாராவது சொன்னால், உடனே ஆப்சர்வர் பட்டியலைத் திறந்து பாருங்கள். திரை மூடப்பட்டிருக்கும், ஆனால் பட்டியலில் இருந்து தன் பெயரை நீக்கியிருக்காது. பட்டியல் அதைப் பிடித்துக்கொண்டிருப்பதால் குப்பை சேகரிப்பானாலும் அதை அகற்ற முடியாது. ஒவ்வொரு லாரிக்கும் ஒரு திரை திறந்து மூடினால், அன்று வந்த லாரி அத்தனைக்கும் ஒரு பேய்த் திரை உள்ளே உட்கார்ந்து எடையைக் கேட்டுக்கொண்டிருக்கும். (சிரிப்பு) ரீஸ்டார்ட் செய்து ஓட்டுவது நம் ஊர் வைத்தியம். திரை மூடும்போது பதிவை நீக்குவது ஒரு வரி.

டெக்கரேட்டருக்குச் சுருக்கமாக ஒரு சான்று போதும். அடுக்கு மேல் அடுக்கு வைத்தால் மெதுவாகும் என்ற பயத்துக்கு ஜாவாவின் கோப்பு வாசிப்பே பதில். ஒரு எம்.பி. கோப்பை பைட் பைட்டாக நேரடியாக வாசித்தால் இயங்குதளத்தைப் பத்து லட்சம் முறைக்கு மேல் தொந்தரவு செய்கிறோம். அதன் மேல் பஃபர்டு இன்புட் ஸ்ட்ரீம் என்ற டெக்கரேட்டரைப் போர்த்தினால் 8,192 பைட்டாக அள்ளிக்கொள்ளும், 128 முறையில் வேலை முடிந்துவிடும். அடுக்கு கூடியதால் வேகம் கூடியது. சிங்கிள்டனைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. எல்லோரும் ஒரே வாசலில் பூட்டுக்காக நிற்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். பூட்டைத் தவிர்க்கிறேன் என்று இரட்டைச் சோதனைத் தந்திரம் எழுதியவர்கள் பலர். 2004இல் ஜாவா 5 வந்து நினைவக விதிகளைத் திருத்தும்வரை அது ஜாவாவில் சரியாக ஓடும் என்ற உத்தரவாதமே இல்லை.

அளப்பது பற்றி ஒரு வார்த்தை. சராசரியை நம்பாதீர்கள். நூறு பேரில் 90 பேர் கீழே அரை விநாடியில் வேலையை முடிக்கிறார்கள், மலையில் 10 பேர் 12 விநாடி காத்திருக்கிறார்கள் என்றால் சராசரி 1.65 விநாடி. அறிக்கையில் அது நல்ல எண்ணாகவே தெரியும். மலையில் இருக்கும் பத்துப் பேரும் அதற்குள் காணாமல் போய்விடுவார்கள். எல்லோரையும் வரிசைப்படுத்தி 95ஆவது ஆள் எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்று பாருங்கள், 12 விநாடி என்று உண்மை வெளியே வந்துவிடும். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவில் ப்ரொஃபைலர் சும்மா கிடைக்கிறது. பிரவுசரில் நெட்டின் வேகத்தைச் செயற்கையாகக் குறைத்துப் பார்க்கும் வசதி இருக்கிறது. எஸ்.க்யூ.லைட்டில் ஒரு கேள்வி எப்படி ஓடும் என்பதை அதனிடமே கேட்கலாம். காசு செலவாகும் கருவி எதுவும் இதில் இல்லை.

பெரிய ஊர்க் கல்லூரிகளுக்கு இல்லாத ஒரு வசதி உங்களுக்கு இருக்கிறது. அவர்கள் மெதுவான நெட்டை லேபில் செயற்கையாக உண்டாக்க வேண்டும். நீங்கள் வெள்ளிமலை பஸ் ஏறினால் போதும். சிக்னல் வருவது, போவது, பாதியில் அறுவது என்று எல்லாவற்றையும் அசலாகவே அனுபவிக்கலாம். அங்கே ஓடும் மென்பொருள் சென்னையிலும் ஓடும். சென்னையில் ஓடுவது அங்கே ஓடும் என்று சொல்ல முடியாது.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். வைவாவில் பேட்டர்னின் படத்தை வரையச் சொல்வதோடு, 'இது எந்தச் செலவை மறைக்கிறது?' என்றும் ஒரு கேள்வி கேளுங்கள். மாணவர்களிடம் ஒன்று. இந்த ஆண்டு உங்கள் இறுதி ப்ராஜெக்ட் அறிக்கையில் ஒரே ஒரு பக்கம் கூடுதலாகச் சேருங்கள். எந்த போனில் ஓட்டினீர்கள், மலையில் எந்த ஊரில் நின்று ஓட்டினீர்கள், 95ஆவது ஆளுக்கு எத்தனை விநாடி ஆனது, எதை மாற்றிய பிறகு அது எவ்வளவாகக் குறைந்தது என்று அந்தப் பக்கத்தில் இருக்கட்டும். வேலை கேட்டுப் போகும் இடத்தில் உங்கள் மதிப்பெண் பட்டியலுக்கு முன்னால் அந்தப் பக்கத்தை எடுத்து நீட்டுங்கள்.